குழாய்க்குள் மிதக்கும் குண்டு: ஆக்சிஜன் மீட்டர் எப்படி அளக்கிறது, எப்போது ஏமாற்றும்?

2021 மே 14. கொரோனா இரண்டாவது அலையின் உச்சம். மேற்கு வங்கத்தின் துர்காப்பூரில் இருந்து கிளம்பிய ‘ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்’ ரயில், வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ஆக்சிஜன் ரயில் அதுதான். அதில் இருந்தது சுமார் 80 டன் திரவ ஆக்சிஜன்.

80 டன் என்றால் எவ்வளவு? கொஞ்சம் கணக்கு போடலாம். ஒரு டன் திரவ ஆக்சிஜன் வாயுவாக மாறினால் சுமார் 7.5 லட்சம் லிட்டர் ஆகும். அப்படியானால் மொத்த ரயிலுக்கும் சுமார் 6 கோடி லிட்டர். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால், ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். ஆக, அந்த ரயிலில் வந்தது சுமார் 4,100 பேருக்கு ஒரு நாளைக்குப் போதும்.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுவோம். 10 லிட்டர் போதும் என்கிற இடத்தில் எல்லாருக்கும் 15 லிட்டர் திறந்துவிட்டால்? 4,100 பேர் என்பது 2,800 பேருக்கும் கீழே இறங்கிவிடும். ரயில் அதே ரயில்தான். 1,300 பேருக்கான மூச்சு மட்டும் காணாமல் போயிருக்கும்.

10-ஆ 15-ஆ என்பதை முடிவு செய்யும் கருவி எங்கே இருக்கிறது? நோயாளியின் தலைமாட்டுச் சுவரில். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு சின்ன குண்டு, கீழே ஒரு திருகு. மின்சாரம் கிடையாது, திரை கிடையாது, பேட்டரி கிடையாது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்து மக்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், பெரியவர்கள் இன்னும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் அந்த இடத்தில், யாரையாவது பார்க்கப் போனபோது இது கண்ணில் பட்டிருக்கும். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி பழக்கம்.

இந்தக் குண்டு எதை வைத்து ‘10’ என்கிறது? அது சொல்வதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது? பார்ப்போம்.

இதன் பெயர் என்ன?

தொழிற்சாலைகளில் இதை ‘ரோட்டாமீட்டர்’ என்பார்கள். பாடப்புத்தகப் பெயர் ‘வேரியபிள் ஏரியா ஃப்ளோ மீட்டர்’. அதாவது, ஓட்டம் போகும் வழியின் பரப்பு மாறுவதை வைத்து அளக்கும் மீட்டர்.

ஜெர்மனியில் கார்ல் குப்பர்ஸ் என்பவர் 1908-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன் மதிப்பைப் புரிந்துகொண்ட ஃபெலிக்ஸ் மேயர், 1909-இல் ஆகன் நகரத்தில் நிறுவனம் தொடங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த மிதவையின் விளிம்பில் சாய்வாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. வாயு போகும்போது மிதவை பம்பரம் மாதிரி சுற்றும். சுற்றுவதால்தான் ‘ரோட்டா’. ஆரம்பத்தில் வணிகப் பெயர். ஜெராக்ஸ் போல பிறகு பொதுப்பெயர் ஆகிவிட்டது. இன்று பல மீட்டர்களில் மிதவை சுற்றுவதே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மருத்துவத்துக்கு இது வர அதிக நாள் ஆகவில்லை. 1910-இலேயே ஜெர்மானிய மருத்துவர் மாக்சிமிலியன் நோய், மயக்க வாயுவை அளந்து கொடுக்க இதைப் பயன்படுத்தினார்.

உள்ளே என்ன நடக்குது?

முதலில் குழாயின் வடிவம். பார்க்க நேராகத் தெரிந்தாலும் உள்பக்கம் நேர் கிடையாது. கீழே குறுகல், மேலே போகப் போக அகலம். தலைகீழாக வைத்த கூம்பு மாதிரி. ஆனால் ரொம்ப லேசான சாய்வு என்பதால் கண்ணுக்குத் தெரியாது.

வாயுவோ தண்ணீரோ கீழே இருந்து நுழையும். குண்டை மேலே தள்ளும். குண்டின் எடை கீழே இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும் இடத்தில் குண்டு நிற்கும். இது வரைக்கும் எல்லாருக்கும் புரிந்துவிடும். அடுத்து ஒரு கேள்வி வரும். ஓட்டம் அதிகமானால் தள்ளும் விசையும் அதிகமாகும் அல்லவா? அப்படியானால் குண்டு நேராக உச்சிக்குப் போய் முட்ட வேண்டியதுதானே? ஏன் நடுவில் நிற்கிறது?

பதில் குழாயின் அந்தச் சாய்வில் இருக்கிறது. குண்டு மேலே ஏற ஏற, குண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உள்ள வளையம் போன்ற இடைவெளி பெரிதாகிறது. வழி பெரிதானால் வாயுவின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் தள்ளும் விசையும் குறைகிறது. மறுபடியும் எடைக்குச் சமமாகும் உயரம் வந்ததும் குண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் திறந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

இன்னும் சுலபமாகப் புரிய வேண்டுமா? சமையலறைக்குப் போங்கள். குக்கர் மேலே போடும் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்தாலும் ஃபுல்லாக வைத்தாலும் உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நிற்கும். ஏனென்றால் அந்த அழுத்தத்தை முடிவு செய்வது வெயிட்டின் எடை. தீ அதிகமானால் வெயிட் இன்னும் தூக்கிக் கொடுக்கும், ஆவி அதிகமாக வெளியேறும். அழுத்தம் அப்படியே இருக்கும், வழி மட்டும் பெரிதாகும்.

ரோட்டாமீட்டரும் அதே கதைதான். குண்டுக்குக் கீழேயும் மேலேயும் உள்ள அழுத்த வித்தியாசம் எப்போதும் ஒன்றே. அதை நிர்ணயிப்பது குண்டின் எடை. மாறுவது வழியின் பரப்பு. பரப்பைச் சொல்வது குண்டு நிற்கும் உயரம். ஆக, உயரத்தைப் பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான ஒரு மீட்டரும் உண்டு. குழாயின் குறுக்கே துளை போட்ட தட்டை வைத்து, தட்டுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. ‘ஆரிஃபிஸ் மீட்டர்’ என்பார்கள். அங்கே வழி மாறாது, அழுத்தம் மாறும். அதில் ஒரு சிக்கல்: ஓட்டம் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால்வாசியாகிவிடும். ஓட்டம் பத்தில் ஒன்றானால் அழுத்த வித்தியாசம் நூறில் ஒன்று. அவ்வளவு சின்ன அளவைச் சரியாகப் படிப்பது கஷ்டம். ரோட்டாமீட்டரில் அளவுகோல் கிட்டத்தட்ட சம இடைவெளியில் இருக்கும். 10 லிட்டரையும் படிக்கலாம், 1 லிட்டரையும் படிக்கலாம்.

வடசென்னையில் இது எங்கெல்லாம் இருக்கிறது?

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வாருங்கள். கவனித்தால் பல இடத்தில் சிக்கும்.

முதலாவது, வெல்டிங் பட்டறை. ஆர்கான் வெல்டிங் செய்யும் இடத்தில் சிலிண்டர் தலையில் ரெகுலேட்டரோடு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே குண்டு. உருகிய உலோகத்தின் மேல் காற்று படாமல் ஆர்கான் போர்த்திக்கொள்ள வேண்டும். பொதுவாக நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் வைப்பார்கள். குறைந்தால் காற்று புகுந்து ஒட்டில் ஓட்டை ஓட்டையாக வரும். ‘அதிகம் வைத்தால் நல்லதுதானே’ என்று 25-க்குத் திறந்தாலும் அதே பிரச்சினைதான். வேகமாகப் பாயும் வாயு சுழன்று, பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். காசும் போச்சு, ஒட்டும் போச்சு.

இரண்டாவது, கேன் வாட்டர் பிளாண்ட். ஆர்.ஓ. இயந்திரத்தின் முன் பலகையில் அக்ரிலிக்கில் இரண்டு ரோட்டாமீட்டர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று கழிவு நீர். நல்ல தண்ணீர் மணிக்கு 1,000 லிட்டர், கழிவு 1,000 லிட்டர் என்று காட்டினால், எடுத்த தண்ணீரில் பாதி கீழே போகிறது என்று அர்த்தம். சில மாதங்களில் அதே அழுத்தத்தில் நல்ல தண்ணீர் மிதவை இறங்கிக்கொண்டே வந்தால், சவ்வில் உப்பு படிகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கழிவு வால்வை இறுக்கினால் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உப்பு வெளியே போக வழியில்லாமல் சவ்வு சீக்கிரம் கெட்டுவிடும்.

மூன்றாவது, குடிநீர் சுத்திகரிப்பு. குளோரின் வாயு பயன்படுத்தும் நிலையங்களில் எவ்வளவு குளோரின் போகிறது என்று காட்டுவதும் ஒரு ரோட்டாமீட்டர்தான். புழல் நிலையம் மாதிரி ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 300 கிலோ, அதாவது மணிக்கு 12.5 கிலோ போக வேண்டும். குறைந்தால், குழாயின் கடைசி முனையில் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் வரும்போது குளோரின் மிச்சம் இருக்காது. இந்தியக் குடிநீர் தரநிலைப்படி லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

நான்காவது, மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள். அங்கே கண்ணாடி எல்லா இடத்திலும் சரிப்படாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்து, ஊரே வீட்டை விட்டு ஓடியதை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நச்சுப் பொருளோ, அதிக அழுத்தமோ, கொதிக்கும் சூடோ உள்ள குழாயில் கண்ணாடியை நம்ப முடியாது, உடைந்தால் அவ்வளவுதான். அதனால் எஃகுக் குழாய்க்குள் மிதவை, மிதவைக்குள் காந்தம், வெளியே அந்தக் காந்தத்தைப் பின்தொடரும் முள் என்று செய்கிறார்கள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்காமலே படிக்கலாம்.

குண்டு எப்போது ஏமாற்றும்?

இதுதான் முக்கியமான பகுதி. குழாயில் அச்சடித்த எண் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட பொருள், ஒரு குறிப்பிட்ட அழுத்தம், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை ஆகியவற்றுக்கு மட்டும் போட்ட எண் அது. அவற்றில் ஒன்று மாறினாலும் எண் பொய்யாகும்.

பொருள் மாறினால்: காற்றுக்குச் செய்த மீட்டரில் கார்பன் டை ஆக்சைடை விட்டால், அது காற்றைவிட கனமானது. குண்டைத் தூக்க குறைந்த ஓட்டமே போதும். அதனால் மீட்டர் 10 என்று காட்டும்போது உண்மையில் போவது சுமார் 8.1 லிட்டர்தான். திரவத்திலும் இதே கதை. தண்ணீருக்குச் செய்த எஃகு மிதவை மீட்டரில் தண்ணீரைவிட லேசான, அடர்த்தி 0.8 உள்ள ஒரு எண்ணெயை விட்டால், 100 என்று காட்டும்போது உண்மையில் போவது சுமார் 113. கெட்டியாக, கூழ் போல ஓடும் திரவம் என்றால் இந்தக் கணக்கும் உதவாது. அதற்குத் தனி அளவுகோல் வேண்டும்.

அழுத்தம் மாறினால்: ஆஸ்பத்திரிக்கு இதுதான் பெரிய விஷயம். சுவரில் வரும் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 4 பார். மீட்டரின் எண்கள் அந்த அழுத்தத்துக்குப் போட்டவை. ஒரு இரவில் தேவை எகிறி, குழாயில் அழுத்தம் 2 பாருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் குறைந்தால் வாயு லேசாகிவிடும். லேசான வாயு குண்டைத் தூக்க வேகமாக ஓட வேண்டும். ஆனாலும் அதில் இருக்கும் ஆக்சிஜனின் அளவு குறைவு. கணக்குப்படி, குண்டு 10-இல் நின்றாலும் நோயாளிக்குப் போவது சுமார் 7.7 லிட்டர்தான்.

யாரும் திருகைத் தொடாவிட்டால் குண்டு தானாகக் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்த ஒருவர் திருகைத் திறந்து மறுபடி 10-க்குக் கொண்டுவந்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கலாம். சரியாகியிருக்காது. ஒவ்வொரு படுக்கையிலும் இப்படித் திறந்தால் பொதுக் குழாயில் அழுத்தம் இன்னும் இறங்கும். அதனால்தான் மருத்துவமனைகளில் குண்டை மட்டும் நம்பாமல், குழாய் அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி தனியாக வைக்கிறார்கள்.

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் குற்றம் சாட்டினார்கள். தட்டுப்பாடு இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. அதற்குப் பிறகு ‘ஆக்சிஜன் இருப்பு எத்தனை டன்’ என்ற கேள்விதான் செய்திகளில் அதிகம் வந்தது. ஆனால் தொட்டியில் டன் கணக்கில் இருந்தாலும், கடைசிப் படுக்கை வரை அழுத்தம் வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்க வேண்டும்.

குழாய் மடங்கினால்: நோயாளி புரண்டு படுக்கும்போது பிளாஸ்டிக் குழாய் மடங்கிவிட்டால்? இதற்குப் பதில் திருகு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல மருத்துவ மீட்டர்களில் திருகு, குண்டு இருக்கும் குழாய்க்கு அடுத்து, வெளியேறும் பக்கம் இருக்கும். அதனால் குண்டு எப்போதும் சுவர் அழுத்தத்திலேயே இருக்கும். வெளியே அடைப்பு வந்தால் குண்டும் உண்மையைச் சொல்லிக் கீழே இறங்கும். திருகு முன்னால் இருக்கும் மலிவான வகையில், பின்பக்க அழுத்தம் ஏறினால் எண் தப்பாகும். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திருகை முழுசாக மூடிவிட்டு மீட்டரைச் சுவரில் செருகும்போது குண்டு ஒரு துள்ளு துள்ளி இறங்கினால் அது நல்ல வகை.

சில சிலிண்டர்களில் குண்டுக்குப் பதில் முள் உள்ள வட்ட மீட்டர் இருக்கும். அது உண்மையில் அளப்பது அழுத்தத்தை; எண்ணை மட்டும் லிட்டராக அச்சடித்திருப்பார்கள். குழாய் முழுக்க அடைத்துக்கொண்டாலும் அந்த முள் ஓட்டம் இருப்பதாகக் காட்டும். ஆம்புலன்ஸில் சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் வேலை செய்யும் என்பதால் அதையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

சாய்ந்திருந்தால்: குண்டு வேலை செய்வது புவியீர்ப்பை நம்பி. குழாய் செங்குத்தாக இல்லாவிட்டால் குண்டு சுவரில் உரசும், எடையின் ஒரு பகுதி சுவருக்குப் போய்விடும். சாய்ந்த மீட்டர் சொல்வதை நம்ப முடியாது.

அழுக்கு ஒட்டினால்: உள்ளே தூசியோ ஈரமோ இருந்தால் குண்டு ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்ற பிறகும் பழைய எண்ணையே காட்டும். மயக்க மருந்து இயந்திரங்களில் சுற்றும் மிதவை வைப்பது இதனால்தான். சுற்றிக்கொண்டிருந்தால் ஒட்டவில்லை என்று தூரத்தில் இருந்தே தெரியும்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சின்ன புத்திசாலித்தனம்

மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன், நைட்ரஸ் ஆக்சைடு, காற்று என்று இரண்டு மூன்று குழாய்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் மேலே ஒன்றாகச் சேர்ந்து நோயாளிக்குப் போகும். இதில் ஆக்சிஜன் குழாயை வெளியேறும் வாசலுக்கு மிகப் பக்கத்தில் வைப்பது விதி.

ஏன்? நடுவில் உள்ள ஒரு குழாயில் விரிசல் விட்டால், அதற்கு முன்னால் இருக்கும் வாயு அந்த ஓட்டை வழியாகக் கசிந்துவிடும். ஆக்சிஜன் முதலில் இருந்தால் கசிவது ஆக்சிஜன். நோயாளிக்குப் போவது மயக்க வாயு மட்டும். குண்டோ வழக்கம்போல சரியாகவே காட்டும், ஏனென்றால் கசிவு குண்டைத் தாண்டிய பிறகு நடக்கிறது. ஆக்சிஜனைக் கடைசியில் வைத்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். அதே பாகங்கள்தான், வரிசையை மட்டும் மாற்றியதில் உயிர்கள் தப்புகின்றன. இருட்டிலும் கை கண்டுபிடிக்கும்படி ஆக்சிஜன் திருகை மற்ற திருகுகளில் இருந்து வேறு வடிவத்தில் செய்வதும் இதே எண்ணத்தில்தான்.

வீட்டில் சிலிண்டர் வைத்திருக்கிறீர்களா? இந்தக் கணக்கு உதவும்

சின்ன ‘பி’ வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். பெரிய ஜம்போ, அதாவது ‘டி’ வகையில் சுமார் 7,000 லிட்டர். இதை மீட்டர் காட்டும் எண்ணால் வகுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று வந்துவிடும்.

சின்ன சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர்: 750 நிமிடம், சுமார் பன்னிரண்டரை மணி நேரம்.

சின்ன சிலிண்டர், 5 லிட்டர்: 300 நிமிடம், 5 மணி நேரம்.

ஜம்போ, 5 லிட்டர்: 1,400 நிமிடம், சுமார் 23 மணி நேரம்.

ஜம்போ, 15 லிட்டர்: 466 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கும் குறைவு.

இவை முழுசாக நிரம்பிய சிலிண்டருக்கான கணக்கு. அழுத்த முள் பாதிக்கு இறங்கியிருந்தால் நேரமும் பாதி. முள் பூஜ்ஜியத்தைத் தொடும் வரை காத்திருக்காமல் மாற்று சிலிண்டரை முன்னாலேயே தயாராக வையுங்கள். சாயங்காலமே கணக்கு போட்டுவிட்டால், ராத்திரி 2 மணிக்கு சிலிண்டர் தேடி அலைய வேண்டியிருக்காது.

எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. ‘அதிகம் வைத்தால் சீக்கிரம் குணமாகும்’ என்பது தப்பு. கொரோனா காலத்தில் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலில் பெரும்பாலானவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் இலக்கு 92 முதல் 96 சதவீதம் என்றுதான் இருந்தது. 100-ஐத் தொட வேண்டும் என்று இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு இலக்கு இன்னும் குறைவு, 88 முதல் 92. அவர்களுக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜனே ஆபத்தாகலாம்.

சரியாகப் படிப்பது எப்படி?

1. கண்ணைக் குண்டின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே நின்று குனிந்து பார்த்தாலோ, கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாலோ எண் மாறித் தெரியும்.

2. உருண்டைக் குண்டாக இருந்தால் அதன் நடுப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். தட்டையான தலை உள்ள மிதவை என்றால் பொதுவாக மேல் விளிம்பு. சந்தேகம் இருந்தால் குழாயிலேயே குறிப்பு இருக்கும்.

3. திருகை மெதுவாகத் திறங்கள். குண்டு நிலைக்கு வந்த பிறகு படியுங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

4. குண்டு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றால் ஓட்டம் 15 என்று அர்த்தமில்லை. 15-க்கு மேல் எவ்வளவு என்றே தெரியாது. திருகைக் குறைத்து அளவுகோலுக்குள் கொண்டுவாருங்கள்.

5. குண்டு சரியாக நின்றும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வரவில்லை என்றால், பாட்டில் மூடி சரியாக இறுகவில்லை. ஆக்சிஜன் பக்கவாட்டில் கசிகிறது. மீட்டர் தன் வழியாகப் போனதைத்தான் சொல்லும், மூக்குக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது.

6. கான்சன்ட்ரேட்டரில், இயந்திரத்தின் திறன் 5 லிட்டர் என்றால் குண்டை அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஓட்டம் கூடும், ஆக்சிஜனின் தூய்மை குறையும். எண் பெரிதாகத் தெரியும், பலன் சிறிதாகிவிடும்.

7. மீட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெய், கிரீஸ், வாசலின் எதையும் தடவாதீர்கள். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று தீப்பிடிக்கும். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

டிஜிட்டல் காலத்தில் இன்னும் ஏன் குண்டு?

துல்லியம் என்று பார்த்தால் இதைவிட நல்ல மீட்டர்கள் நிறைய வந்துவிட்டன. சாதாரண ரோட்டாமீட்டரில் 2 முதல் 5 சதவீதம் வரை பிழை சகஜம். எண்ணைத் தானாகப் பதிவு செய்யாது, போனுக்கு அனுப்பாது, வார்டில் எத்தனை படுக்கைக்கு எவ்வளவு போகிறது என்று கூட்டிக் காட்டாது. மருத்துவமனையின் மொத்தச் செலவைக் கண்காணிக்க மின்னணு மீட்டர்தான் வேண்டும்.

ஆனால் மழை வெள்ளத்தில் கரண்ட் போனாலும் குண்டு வேலை செய்யும். விலை குறைவு. பயிற்சி அதிகம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். நர்ஸ் வார்டின் இந்த முனையில் இருந்தே எந்தப் படுக்கையில் குண்டு இறங்கியிருக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது தலைமாட்டில் அந்தக் குழாயைக் கவனியுங்கள். செங்குத்தாக இருக்கிறதா, குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது, சீட்டில் மருத்துவர் எழுதிய எண் அதுதானா, பாட்டிலில் குமிழி வருகிறதா, குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா? ஐந்தும் பார்க்க அரை நிமிடம் போதும். ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால் நீங்களே திருகைத் தொடாமல் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.